அருங்காட்சியகத்துக்கு அம்மாவும் வரட்டும்

ஆண்டுதோறும் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா நடைபெறுகிறது. மாணவியர் செல்கிறார்கள்; ஆசிரியைகள் துணைக்குச் செல்கிறார்கள்; அருட்சகோதரி ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்து செபத்தைத் தொடங்கி வைக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்த தாய் மட்டும் பேருந்து மறையும்வரை பார்த்து நின்றுவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை தெரிவதில்லை. சுற்றுலா பிள்ளைகளுக்கு, வேலை பெரியவர்களுக்கு என்று நாம் பழகிவிட்டோம்.

வரலாற்றுச் சின்னங்களையும் அருங்காட்சியகங்களையும் பார்ப்பது பிள்ளைகள் மட்டும் செய்ய வேண்டிய காரியம் அன்று. குடும்பத்தோடு, முக்கியமாகத் தாயோடும் பாட்டியோடும் செய்ய வேண்டிய காரியம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதிலும் பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை என்பேன். ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

பிரான்சு நாட்டில் 1984-ஆம் ஆண்டு ஒரு புதிய வழக்கம் தொடங்கியது. செப்டம்பர் மாதத்தில் பழைய அரண்மனைகள், கோட்டைகள், நினைவுச் சின்னங்கள் ஆகியவற்றின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மற்ற நாட்களில் யாரும் நுழைய முடியாத கட்டடங்களும் அன்று திறந்திருந்தன. 1991-இல் ஐரோப்பிய மன்றம் இதை ஏற்று நடத்த முன்வந்தது. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் இலையுதிர் காலத் தொடக்கத்தில் பாரம்பரிய நாட்கள் கொண்டாடப்படுகின்றன. தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

நமது நாட்டிலும் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் அனுசரிக்கப்படுகிறது. பள்ளிகளில் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கின்றன. பரிசுகளும் வழங்கப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் ‘நம் பாரம்பரியம்’ என்று மேடையில் பேசிப் பரிசு பெறும் மாணவியின் வீட்டில் அந்தப் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசப்படுகிறதா? அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரவேண்டும் என்றால் வீடே புறப்பட்டு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

நமக்கு அருகிலேயே இருப்பவை

ஏதோ டில்லிக்கும் ஆக்ராவுக்கும் போனால்தான் வரலாறு என்று எண்ண வேண்டாம். திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டிய நாட்டின் தேவாரப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களில் அது ஒன்று. ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த வீடும் அவ்வூரிலேயே இருக்கிறது. அடுத்துள்ள பள்ளிமடத்துக் கோயிலில் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. குண்டாற்றங்கரையில் கமுதிக் கோட்டை இருக்கிறது. விருதுநகரில் காமராசர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

இன்னும் சற்றுத் தூரம் போக முடிந்தவர்களுக்கு இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்வேன். ஒன்று, கீழடி. மற்றொன்று, மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம். இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டிலும் நம் வட்டாரத்துத் தாய்மார்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள் இருக்கிறது. அது பருத்தி நூலும் துணியும்.

கீழடியில் 2015-ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த பொருள்களில் சிலவற்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று ஆய்வில் தெரிய வந்தது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. உறைகிணறுகள், கூரை ஓடுகள், பகடைக் காய்கள், வட்டச் சில்லுகள் ஆகியவையும் கிடைத்தன. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும், நெசவுக்குப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் கிடைத்தன. ஆடு மாடுகளின் எலும்புகளும் ஏராளமாகக் கிடைத்தன.

இப்பொருள்களை மாணவி பார்க்கும்போது, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே உள்ள அட்டையைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். ‘தக்களி, சுடுமண்’ என்று எழுதியதோடு அவளுடைய வேலை முடிந்துவிடும். அதே பெட்டியின் முன் அருப்புக்கோட்டை நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு தாய் நின்றால் என்ன நடக்கும்? நூலுக்கு முறுக்கு ஏறுவது எப்படி, முறுக்குக் குறைந்தால் நூல் ஏன் அறுகிறது என்பதை அவரால் விரலை அசைத்தே காட்ட முடியும். தறி நெய்யும் வீட்டுப் பாட்டிக்குப் பாவும் ஊடையும் பாடப்புத்தகச் சொற்கள் அல்ல. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் தாய்க்கு, பஞ்சு கையில் வருவதற்கு முன்னால் எத்தனை நாள் வெயில், எத்தனை முறை களை என்பது தெரியும். சில்லுகளைக் கண்டால் தான் தெருவில் பாண்டி ஆடிய நாட்களை எந்தத் தாய்க்குத்தான் சொல்லத் தோன்றாது?

மதுரையில் இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பண்டித நேரு அதைத் திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த ஆடை அங்கே பாதுகாக்கப்படுகிறது. அதே மதுரையில்தான் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அவர் மேலாடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். மாற்றுத் துணிக்கு வழியில்லாத ஏழைகளைக் கண்டு எடுத்த முடிவு அது. மாற்றுச் சேலை இல்லாத காலத்தைக் கண்ட பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த ஆடையின் முன் அவர்கள் சொல்லப்போவதை எந்த வழிகாட்டி சொல்ல முடியும்?

உண்மையில் எது ஆபத்தில் இருக்கிறது?

நம் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைக் கல்வி பெறுகிறவர்கள். இது பெருமைக்குரியது. ஆனால் இந்தப் பெருமையின் நிழலில் ஒரு துயரமும் வளர்கிறது. பிள்ளை படிக்கப் படிக்க, தாய்க்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் மெல்ல மெல்ல அவள் மனத்தில் குடியேறுகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மா கைநாட்டு வைத்தால் மகள் தலை குனிகிறாள். ‘உனக்கு ஒன்றும் புரியாதம்மா’ என்ற சொல் எத்தனை வீடுகளில் கேட்கிறது! தாயும் அதை நம்பிவிடுகிறார். ‘எனக்கென்ன தெரியும், நீ படிச்ச பிள்ளை’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

பத்துக் கட்டளைகளில் நான்காவது, தாய் தந்தையரை மதிக்கச் சொல்கிறது. மதிப்பு என்பது பண்டிகை நாளில் காலில் விழுவதோடு முடிவதில்லை. அவர்களிடம் உள்ள அறிவை அறிவு என்று ஏற்றுக்கொள்வதும் மதிப்புத்தான். வகுப்பறையில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. அங்கே புத்தகம்தான் அரசு. அருங்காட்சியகத்தில் நிலைமை மாறுகிறது. அம்மாவின் கைகள் அன்றாடம் செய்யும் வேலை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு மரியாதை பெறுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் தக்களியைக் காண அறிஞர்கள் வருகிறார்கள். அப்படியானால் அந்த வேலையை இன்று செய்கிற தன் தாய் எவ்வளவு மதிப்புக்குரியவர் என்பதை மகள் தானே உணர்ந்துகொள்வாள்.

‘அதெல்லாம் நடக்கிற காரியமா?’

முதல் தடை பணம். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள் இருக்கின்றன. பயணச் செலவும் சேர்ந்தால் தாங்காது. இது நியாயமான தடை. ஆனால் கொடைக்கானலுக்கு மூன்று நாள் போகும் செலவில் திருச்சுழிக்கும் பள்ளிமடத்துக்கும் ஒரு குடும்பம் எத்தனையோ முறை போய்வரலாம். அருகில் உள்ளதைப் பாருங்கள், அடிக்கடி பாருங்கள் என்பதே ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற வழி.

இரண்டாவது தடை காலம். ஐரோப்பாவில் இலையுதிர் காலம் என்பது நமக்குக் கூதிர் காலம், மழைக்காலம். காலாண்டு விடுமுறை வரும் நேரத்தில்தான் நம் மானாவாரி நிலத்தில் விதைப்பும் வருகிறது. வானம் பார்த்த பூமியில் ஈரம் காத்திருக்காது. மழை பெய்த மறுநாள் எந்தத் தாயும் விதையை வைத்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு வரமாட்டார், வரவும் கூடாது. ஆகையால் நாளை நாட்காட்டியைப் பார்த்து மட்டும் குறிக்கக் கூடாது; வானத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். விதைப்புக்கு முன் ஒரு நாள், களையெடுப்பு முடிந்தபின் ஒரு நாள் என்று இரண்டு நாட்களை வைத்துக்கொண்டு, எது கூடிவருகிறதோ அன்று போகலாம்.

மூன்றாவது தடை, ‘உடைந்த ஓட்டைப் பார்க்க இவ்வளவு தூரமா?’ என்ற கேள்வி. ஓரியூருக்கு நம் குடும்பங்கள் போவதில்லையா? புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இரத்தம் சிந்திய அந்த மண்ணைக் காண, சட்டி பானைகளோடு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் நம் முன்னோர். அங்கே போய்ச் சிவந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொன்னார்கள். நடந்த இடத்தில் நின்று கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. திருத்தலத்துக்குச் செய்வதை வரலாற்றுத் தலத்துக்கும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

பள்ளி நிர்வாகத்தின் முன்னும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முன்னும் சில எளிய யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது தாயும் மகளும் சேர்ந்து செல்லும் ஒருநாள் பயணம் வேண்டும். பேருந்தில் பாதி இருக்கை மாணவியருக்கு, பாதி இருக்கை தாய்மாருக்கு. தாய் இல்லாத பிள்ளைக்குப் பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ வரட்டும். விடுதிப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்கூட்டியே கடிதம் போகட்டும். கட்டணம் கட்ட இயலாதவர்களின் பெயர் வெளியே தெரியாமல் பள்ளி உதவட்டும்.

இரண்டாவது, பயணம் முடிந்தபின் மாணவியர் எழுதும் கட்டுரையின் முறை மாறவேண்டும். அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே எழுதினால் பாதி மதிப்பெண்தான். ‘இந்தப் பொருளைப் பார்த்து என் அம்மா சொன்னது’ என்ற பகுதிக்கு மீதி மதிப்பெண். மதிப்பெண் வேண்டும் என்பதற்காகவாவது பிள்ளைகள் தாயிடம் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். பிறகு கேட்பதே பழக்கமாகிவிடும்.

மூன்றாவது, பெற்றோர் தாமாகச் செய்யக்கூடியது. விடுமுறையில் சொந்தக்காரர் வீட்டுக்கு மதுரைக்குப் போகிறீர்கள், துணி எடுக்கப் போகிறீர்கள், மருத்துவமனைக்குப் போகிறீர்கள். திரும்பும் வழியில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. நான்கே பொருளைப் பாருங்கள், நின்று பேசுங்கள். தந்தையரே, நீங்களும் வாருங்கள். ‘பொம்பளைகளுக்கு அங்கே என்ன வேலை’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அங்கே வைத்திருக்கும் பானையிலும் நூலிலும் பாதிக்கு மேல் பெண்களின் உழைப்பு இருக்கக்கூடும்.

மாணவியரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அக்டோபர் செபமாலை மாதம். ஒவ்வொரு மாலையும் நாம் கூடி ஒரு தாயை நினைக்கிறோம். நாசரேத்தூரில் அந்தத் தாயும் தண்ணீர் எடுத்தார், மாவு அரைத்தார், குடும்பத்துக்கு உணவு சமைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய வேலைகளைத்தான் உங்கள் தாயும் செய்கிறார். அந்த வேலைகளின் வரலாறு நம் மண்ணுக்கடியிலிருந்து இப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதைப் படிக்க உங்களுக்கு எழுத்துத் தெரியும்; அதன் பொருள் சொல்ல உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் முழுப்பாடம் கிடைக்கும்.

வரும் காலாண்டு விடுமுறைக்கு முன் வீட்டில் இதைப் பேசுங்கள். அம்மா ‘எனக்கெதுக்கு’ என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.