மண்ணுக்குள் பார்க்கும் தள்ளுவண்டி



பேராக்கிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். கணவனும் மனைவியும் செம்பனைத் தோட்டத்து வேலைக்காரர்கள். ஐந்தாம் படிவம் முடித்த மூத்த மகனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். "கைப்பிள்ளையை வைத்துத் தள்ளுவார்களே, அது மாதிரி ஒரு வண்டியை ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போகிறான். கேட்டால் ரேடார் என்கிறான். இது என்ன வேலை ஐயா? உடம்புக்குக் கெடுதல் உண்டா?" என்று கேட்கிறார்.

முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அது எக்ஸ்ரே அல்ல. வானொலிப் பெட்டிக்குப் பாட்டைக் கொண்டுவருகிற அலையின் இனத்தைச் சேர்ந்தது. அதன் சக்தி, நம் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசியின் சக்தியைவிடக் குறைவு. உங்கள் மகன் பயப்பட வேண்டியது பின்னால் வரும் லாரிக்குத்தான். திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனுக்கு லாரி கண்ணில் படாது. ஒளிரும் மேற்சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கூம்பு வைத்து, கொடி பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் ரோட்டில் இறங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இந்த வண்டியின் பெயர் நிலம் ஊடுருவும் ரேடார். 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி எட்டு மீட்டர் ஆழக் குழியில் விழுந்தார். ஐந்து நாள் கழித்து, சற்றுத் தள்ளி இன்னொரு குழி விழுந்தது. ஒன்பது நாள் தேடியும் அந்த அம்மாள் கிடைக்கவில்லை. அப்போது சுற்றுவட்டாரத்தில் வேறெங்கே மண் பொந்தாகிக் கிடக்கிறது என்று பார்க்கக் கொண்டுவந்த கருவிகளில் இதுவும் ஒன்று. மேலே சிமெண்டு, கீழே வெற்றிடம் என்றால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இதற்குத் தெரியக்கூடும்.

எப்படித் தெரிகிறது? மலையடிவாரத் தோட்டத்தில் நின்று கூவினால் குரல் திரும்பி வருகிறதல்லவா, அதே கணக்குத்தான். வண்டியின் வயிற்றில் ஒரு பெட்டி. அதில் அலையை அனுப்ப ஓர் ஆன்டெனா, வாங்க ஓர் ஆன்டெனா. மண்ணுக்குள் போகிற அலை குழாயிலோ கல்லிலோ பொந்திலோ பட்டால் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து ஆழம் சொல்கிறார்கள். அந்த நேரத்தை நானோ வினாடியில் அளக்கிறார்கள். ஒரு வினாடியை நூறு கோடியாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதற்குள் அலை காற்றில் 30 சென்டிமீட்டர் போய்விடும். சாதாரண ஈர மண்ணில் ஏறக்குறைய 10, தண்ணீரில் 3 சொச்சம். ஆகவே, பத்து சென்டிமீட்டர் வேகமுள்ள மண்ணில் 20 நானோ வினாடியில் எதிரொலி வந்தால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். பொருள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

வண்டியை லாரியிலிருந்து இறக்கியவுடன் தள்ள ஆரம்பிக்கிறவன் வேலை தெரியாதவன். முதலில் வெறுங்கையோடு இடத்தைச் சுற்றி வர வேண்டும். சாக்கடை மூடி எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, விளக்குக் கம்பம் எங்கே, ரோட்டில் ஒட்டுப்போட்ட தார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து நோட்டில் படம் போட வேண்டும். புல்லும் லாலானும் வளர்ந்திருந்தால் வெட்ட வேண்டும். பெட்டி தரையை ஒட்டிப் போகாவிட்டால் அலையில் பாதி மேலேயே போய்விடும்.

அடுத்தது ஆன்டெனா. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும், ஆனால் சிறு குழாயைக் காட்டாது. 1,600 மெகாஹெர்ட்ஸ் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பியைத் துல்லியமாகக் காட்டும், அரை மீட்டருக்குக் கீழே போகாது. ரோட்டோரக் குழாய் வேலைக்கு 250 முதல் 400 வரை உள்ளதே வழக்கம். ஆழமும் வேண்டும், நுணுக்கமும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே அலைவரிசையில் கிடைக்காது.

பிறகு பேட்டரி, கம்பி, திரை எல்லாம் மாட்டி, சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். வண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அந்தச் சக்கரம்தான் எண்ணுகிறது. நாடாவை 10 மீட்டருக்கு விரித்து, வண்டியைத் தள்ளி, திரையிலும் 10 வருகிறதா என்று பார்ப்பார்கள். சக்கரத்தில் மண் அப்பியிருந்தால்கூடக் கணக்குப் பிசகும். 10 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் பிசகு என்றால் 40 மீட்டரில் 20 ஆகிவிடும். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அந்த 20 சென்டிமீட்டர் உயிர்ப் பிரச்சினை.

எவ்வளவு நேரம் காத்திருந்து எதிரொலி கேட்பது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மூன்று மீட்டர் பார்க்க 60 நானோ வினாடி போதும். கொஞ்சம் கூட்டி 80 வைப்பது நல்லது. மண்ணில் அலையின் வேகத்தை ஊகத்துக்கு விடக்கூடாது. அருகில் திறக்கக்கூடிய மூடி இருந்தால் உள்ளே குழாயின் ஆழத்தை நாடாவால் அளந்து, அதே குழாயின் மேல் வண்டியை ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்துவரும்படி திருத்துவார்கள்.

இப்போதுதான் தள்ளுவது. கயிறு கட்டி, அரை மீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ ஒரு கோடாகப் போக வேண்டும். நிரை பிடித்துப் பால்மரம் நட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் ஓடும் திசைக்குக் குறுக்கே தள்ள வேண்டும். குழாயின் மேலேயே நீளவாக்கில் போனால் திரையில் நீண்ட கோடு விழும். மண் அடுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். திசை தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்ப்பதே வழி.

திரையில் குழாய், குழாய் மாதிரி தெரியாது. கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வளைவு தெரியும். காரணம் எளிது. பெட்டி குழாய்க்கு நேர் மேலே வருமுன்பே அலை சாய்வாகப் போய்ப் பட்டுவிடுகிறது. தூரம் அதிகம் என்பதால் எதிரொலி தாமதமாக வந்து கீழே பதிகிறது. நெருங்க நெருங்க மேலே ஏறுகிறது. தாண்டியதும் மறுபடி இறங்குகிறது. வளைவின் உச்சிதான் குழாய் இருக்கும் இடம். அங்கே சாயம் அடித்து, ஆழத்தை எழுதுவார்கள். அடுத்தடுத்த கோடுகளில் உச்சிகள் ஒரே வரிசையில் விழுந்தால் குழாய். ஒன்று மட்டும் தனியாக நின்றால் கல்லாகவோ மரவேராகவோ இருக்கலாம்.

சரி, ஒன்றுமே தெரியவில்லை என்றால்?

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் இந்த அலையைக் குடித்துவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்துப்போட்ட காய்ந்த மணல்மேட்டில் பல மீட்டர் பார்க்கிற அதே பெட்டி, கேரித் தீவு போன்ற கடலோரக் களிமண்ணில் ஒரு மீட்டர்கூட இறங்காமல் நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். அப்போது திரை சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்து, "கீழே ஒன்றுமில்லை, தோண்டலாம்" என்று சொல்லிவிட்டால், மண்வாரி இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் அதை நம்பி வாளியை இறக்குவான். கீழே மின்கம்பி இருக்கலாம், எரிவாயுக் குழாய் இருக்கலாம். "இல்லை" என்பது வேறு, "எனக்குத் தெரியவில்லை" என்பது வேறு. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அறிக்கையில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். அம்மா, உங்கள் மகனிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் நாட்டு நில அளவை, வரைபடத் துறையும் இதை உணர்ந்துதான் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் நிலத்தடிக் குழாய்த் தகவலை நான்கு தரமாகப் பிரித்திருக்கிறது. பழைய வரைபடத்தை மட்டும் நம்பினால் 'டி'. மேலே தெரியும் மூடிகளை அளந்து சேர்த்தால் 'சி'. ரேடாரோ கம்பி தேடும் கருவியோ வைத்துப் பார்த்தால் 'பி'. கையால் தோண்டிக் குழாயைக் கண்ணால் கண்டால்தான் 'ஏ'. இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு இரண்டாம் இடந்தான், முதலிடம் மண்வெட்டிக்கு!

வேலை நிலைக்குமா என்பதற்கு என் அபிப்பிராயம்: வண்டி தள்ளுகிறவனாகவே இருந்தால் கூலி உயராது. படத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டு, பாலிடெக்னிக்கில் நில அளவை படித்தால் வழி உண்டு.

நம் தோட்டங்களுக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. தோட்டம் கைமாறும்போது பழைய இடுகாடு எதுவரை இருந்தது என்ற தகராறு வரும். கல் இல்லை, சிலுவை இல்லை, மேலே செம்பனை நிற்கும். கனடாவில் கம்லூப்ஸ் என்ற ஊரில், பழங்குடிப் பிள்ளைகளை வைத்திருந்த பழைய விடுதிப் பள்ளி நிலத்தில், 2021இல் இந்த ரேடாரைத்தான் ஓட்டினார்கள். புதைகுழியாக இருக்கலாம் என்று முதலில் 215 இடங்களைச் சொன்னார்கள். பிறகு 200 என்று திருத்தினார்கள். ரேடார் எலும்பைக் காட்டுவதில்லை. ஒரு காலத்தில் தோண்டி மூடிய மண், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்டிருப்பதைத்தான் காட்டுகிறது. செம்பனை வேரும் பழைய வாய்க்காலும்கூட அப்படித் தெரியலாம். எங்கே ஓட்டுவது, எது வேர், எது குழி என்று பிரித்தறிய, அங்கே யாரை எந்த வரிசையில் புதைத்தார்கள் என்று தெரிந்தவர் வேண்டும். உங்கள் லயத்தில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரோடு அந்த இடத்துக்கு நடந்து, மரம் எண்ணி, அடி அளந்து, குறித்து வையுங்கள்.