செவ்வந்திக்கு இருட்டு வேண்டும்

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் தோவாளைப் பூக்கள் குவிந்துவிடும். அத்தப்பூக்களத்துக்காகச் செவ்வந்தியை எடைபோட்டு வாங்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் சீனக் கவிஞர் தாவ் யுவான்மிங் நினைவுக்கு வருகிறார். 405இல் அரசுப் பதவியைத் துறந்து, ஊர் திரும்பி, வேலியோரம் செவ்வந்தி வளர்த்த மனிதர். சீனர்களின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் திருவிழா இன்றும் இந்தப் பூவுக்கு உரியது. மதுவிலும் தேநீரிலும்கூட இதைச் சேர்ப்பார்கள். நம் திருச்சி மலைக்கோட்டை ஈசனுக்கும் செவ்வந்திநாதர் என்று பெயர் உண்டே! இப்படிப்பட்ட பூவை வாங்குவதோடு நிறுத்தாமல், மாடியில் ஒரு தொட்டியாவது வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். தெருவிளக்கு படாத மூலையாகப் பாருங்கள். நீண்ட இருட்டு இருந்தால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும், இரவெல்லாம் வெளிச்சம் பட்டால் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும்.