இடம் எந்த ஊரோ, வக்கீலும் அந்த ஊர்லயே பிடிங்க!

ஹோம் லோன் பத்தி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் "எந்த பேங்க்ல வட்டி கம்மி?"ன்னு கேக்கறவங்க ஏராளம். "பத்திரம் பார்க்க வக்கீலை எப்படித் தேடறது?"ன்னு கேக்கறவங்க ரொம்பக் குறைவு. கால் சதவீத வட்டிக்காக மூணு பேங்க் ஏறி இறங்குற நாம, 30 லட்ச ரூபாய் மனையோட பத்திரக் கட்டை புரோக்கர் கை காட்டுற ஆள்கிட்ட கொடுத்துட்டு வந்துடறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வக்கீலை நீங்களே தேடணும். ஃபீஸ் உங்க பாக்கெட்ல இருந்து போகணும். அவர் நீங்க குடியிருக்கிற ஊர்க்காரரா இருக்கணும்னு அவசியம் இல்ல, இடம் இருக்கிற ஊர்க்காரரா இருக்கணும். இந்த மூணாவது விஷயத்தைத்தான் பெரும்பாலானவங்க விட்டுடறாங்க. ஒரு காலத்துல நானும் விட்டவன்தான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 30 லட்சத்துக்கு மனை வாங்குறீங்கன்னு வைங்க. தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், அதாவது 2,10,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 60,000 ரூபாய். ஆக மொத்தம் 2,70,000 அரசாங்கத்துக்கு. புரோக்கருக்கு 1 சதவீதம்னு வச்சாலும் 30,000. இதையெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே கட்டிடறோம். நான் கடைசியா லீகல் ஒப்பீனியனுக்குக் கொடுத்த ஃபீஸ் 8,000 ரூபாய். அதுல 3,000 குறைக்க முடியுமான்னு நானே பேரம் பேசினேன். நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.

"பேங்க்லயே லீகல் பார்க்கிறாங்களே, தனியா எதுக்கு?"

இது நியாயமான கேள்விதான். பேங்க் வக்கீல் பத்திரம் பார்க்கிறது உண்மை. ஆனா அவர் யாருக்காகப் பார்க்கிறார்? பேங்குக்காக. கொடுத்த கடன் திரும்பி வருமாங்கிறதுதான் பேங்கோட கவலை. அதுக்கு உங்க சம்பளம் இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு, சில நேரம் ஜாமீன்தாரரும் இருக்கார். நாளைக்கு யாராவது உங்க இடத்து மேல கேஸ் போட்டாலும் இஎம்ஐ நிக்காது. மாசம் அஞ்சாம் தேதி பிடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. அந்த ரிப்போர்ட்டுக்கு ஃபீஸ் உங்ககிட்டதான் வாங்குவாங்க, ஆனா காப்பி கேட்டா பல இடத்துல கைக்குக் கிடைக்காது. அது உங்களுக்காக எழுதினது இல்லைன்னு இதுலயே தெரியுதே.

"ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா இடம் நம்மளுது தானே?"ன்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு பண்றவர். விக்கிறவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கான்னு தீர்ப்பு சொல்றது அவர் வேலை இல்ல. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், நம்ம தமிழ்நாட்டுப் பதிவு விதிகள்ல இருந்த 55-ஏ விதியோட முதல் உட்பிரிவைச் செல்லாதுன்னு சொன்னப்போ இதைத்தான் சொல்லிச்சு. உரிமையைச் சரிபார்க்கிற பாரம் முழுக்க வாங்குறவர் தலையில. அதாவது உங்க தலையில.

இப்போ என் கதைக்கு வரேன். 2021-ல மதுராந்தகம் பக்கம் 11 சென்ட் இடம் பார்த்தோம். அப்பா 1983-ல சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது. 2009-ல உயில் எழுதாம இறந்துட்டார். விக்கிறது அம்மாவும் ரெண்டு பிள்ளைகளும். வில்லங்கச் சான்று சுத்தமா இருந்தது. பட்டா மூணு பேர் பேர்ல. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ்லயும் அதே மூணு பேர். பேங்க் வக்கீல் ஓகே சொல்லிட்டார். சென்னையில எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரும் பேப்பரைப் பார்த்துட்டு ஓகேன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, பேப்பர்ல தப்பே இல்லையே.

என் மச்சான்தான் பிடிவாதமா "அந்த ஊர் கோர்ட்ல ஒரு வக்கீலைப் பாருங்க மாமா"ன்னு இழுத்துட்டுப் போனார். அந்த வக்கீலுக்கு அறுபது வயசு இருக்கும். பத்திரத்தைப் புரட்டினார், கிராமத்துப் பேரைப் படிச்சார், "ரெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னார். ரெண்டு நாள் கழிச்சுப் போனா ஒரே கேள்விதான் கேட்டார்: "இவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காமே, உங்ககிட்ட சொன்னாங்களா?"

இருந்தாங்க. வேற சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதால குடும்பமே ஒதுக்கி வச்சிருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கினப்போ அவங்க பேரையே கொடுக்கல. வக்கீலோட குமாஸ்தா அந்த ஊர் டீக்கடையில உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததுல இந்த விஷயம் அரை மணி நேரத்துல வெளியே வந்திருக்கு. வேளச்சேரியில உட்கார்ந்து எத்தனை பத்திரத்தைப் புரட்டினாலும் இது கிடைச்சிருக்காது.

உயில் இல்லாம இறந்த இந்து ஒருத்தரோட சொந்தச் சம்பாத்தியச் சொத்துல மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இங்க ஆளுக்குக் கால் பங்கு. நாங்க முழுப் பணம் கொடுத்து முக்கால் இடம்தான் வாங்கியிருப்போம். மீதி கால் பங்குக்குச் சொந்தக்காரங்க என்னிக்கு வேணும்னாலும் பாகப்பிரிவினை கேஸோட வந்து நின்னிருப்பாங்க. அதுவும் நியாயமான கேஸ்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கத்தினாங்க. "அவளை நாங்க தலை முழுகிட்டோம்"னாங்க. "நீங்க முழுகலாம் தம்பி, சட்டம் முழுகாது"ன்னார் வக்கீல். வாரிசுச் சான்றிதழைத் திருத்தி வாங்க நாலு மாசம் ஆச்சு. பதிவு அன்னிக்கு அந்தம்மா வந்து கையெழுத்துப் போட்டாங்க, அவங்க கால் பங்கு பணம் நேரா அவங்க பேங்க் கணக்குக்குப் போச்சு. அம்மாவும் பொண்ணும் பல வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் பார்த்துக்கிட்டாங்க, அதுவும் சார்பதிவாளர் ஆபீஸ் பெஞ்ச்ல. 8,000 ரூபாய்ல 3,000 குறைக்கச் சொன்னேன்னு சொன்னேனே, அது இந்த வக்கீல்கிட்டதான்.

சரி, இந்த மாதிரி ஒருத்தரை எங்க தேடறது?

கூகுள்ல நாலரை ஸ்டார் பார்த்துத் தேடாதீங்க. வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் மூலமா வேலை பிடிக்கிற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லியிருக்கு. அதனால நல்ல சிவில் வக்கீல் பலரோட பேரு இணையத்துல கண்ணுலயே படாது. ஊர்ல கேட்டாத்தான் கிடைக்கும்.

இடம் இருக்கிற தாலுகாவோட முன்சீஃப் கோர்ட் எங்கன்னு பாருங்க. நில வழக்குகள் நிறைய நடக்கிற இடம் அது. கோர்ட்ல நில வழக்கு நடத்துறவருக்குத்தான் ஒரு பத்திரம் எங்க உடையும்னு தெரியும். அக்கம்பக்கத்துல சமீபத்துல இடம் வாங்கினவங்ககிட்ட, அந்த ஊர் பேங்க் கிளையில, ரிட்டயர் ஆன விஏஓ யாராவது தெரிஞ்சா அவர்கிட்ட, எல்லார்கிட்டயும் கேளுங்க. ரெண்டு மூணு வாயில ஒரே பேர் வந்தா அவரைப் போய்ப் பாருங்க. அவர் பேரை இ-கோர்ட்ஸ் தளத்துலயும் தேடலாம். வழக்கறிஞர் பேரை வச்சு வழக்கு தேடுற வசதி அங்க இருக்கு. சிவில் கேஸ் நடத்துறவரா, முழுக்க செக் மோசடி கேஸ் நடத்துறவரான்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

ஒரு விஷயத்துல குழம்பிக்காதீங்க. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல இருக்கிற பத்திர எழுத்தர் வக்கீல் இல்ல. பத்திரம் எழுதுறதுல கில்லாடியா இருக்கலாம், அது வேற. உரிமை சரியா இருக்கான்னு ஒப்பீனியன் கொடுக்கிறது அவர் வேலை இல்ல. அதே மாதிரி "எங்க வக்கீலே எல்லாம் ரெடியா வச்சிருக்கார் சார்"னு பில்டர் சொன்னா, நன்றி சொல்லிட்டு ஃபைலோட ஜெராக்ஸை வாங்கிட்டு உங்க வக்கீல்கிட்ட போங்க. ஒரே வக்கீல் ரெண்டு பக்கத்துக்கும் பார்த்தா உங்க பக்கம் யார் இருக்கா?

முதல் தடவை பார்க்கும்போதே வெளிப்படையாப் பேசிடுங்க. எத்தனை வருஷம் பின்னாடி போய்ப் பார்ப்பீங்க? குறைஞ்சது 30 வருஷம்னு அவர் சொல்லணும். பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் 1975-ல இருந்துதான் பார்க்க முடியும், அதுக்கு முன்னாடி வேணும்னா ஆபீஸ்ல மனு போடணும். அதுக்கு அவர் சலிச்சுக்கிறாரான்னு கவனிங்க. கோர்ட்ல நிலுவையில இருக்கிற வழக்கு பொதுவா வில்லங்கச் சான்றுல வராது. பதிவு பண்ணாத உயிலும் வராது. "அதை எப்படி சார் பார்ப்பீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, அந்தப் பதில்லயே ஆளோட தரம் தெரிஞ்சிடும். மனைன்னா லேஅவுட் அப்ரூவலும், ஃப்ளாட்னா ரெரா பதிவும் பிரிக்கப்படாத பாகமும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க.

ஒப்பீனியன் எழுத்துல வேணும். என்னென்ன பத்திரம் பார்த்தேன், எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ், இன்னும் என்ன வாங்கணும்னு வரிசையா எழுதி, கையெழுத்தும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் போட்டுக் கொடுக்கணும். பத்து நிமிஷம் புரட்டிட்டு "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், தைரியமா வாங்குங்க"ன்னு வாய்ல சொல்றவர்கிட்ட டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க. "ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சா ஃபீஸ் கொடுங்க போதும்"னு சொல்றவரும் வேண்டாம். பதிவு நடந்தாத்தான் அவருக்குக் காசுன்னா, நிறுத்துங்கன்னு அவர் எப்படிச் சொல்லுவார்?

ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை? வக்கீல் வேலை சரியில்லைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்னு பலர் நினைக்கிறாங்க. போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வராதுன்னு 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பார் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம், சிவில் கேஸ் போடலாம், அதெல்லாம் வருஷக்கணக்கு. எல்லாச் சோதனையும் ஃபீஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும்.

அட்வான்ஸ் விஷயம் ஒண்ணு. "இன்னிக்குள்ள டோக்கன் போடலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு சொல்வாங்க, எப்பவும் சொல்வாங்க. போட்டே ஆகணும்னா சின்னத் தொகையா, பேங்க் மூலமா மட்டும் போடுங்க. லீகல் சரியில்லைன்னா இத்தனை நாள்ல திருப்பித் தரணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

துபாய், சிங்கப்பூர்ல இருந்து இடம் வாங்குறவங்களுக்குத்தான் இது எல்லாரையும் விட அதிகமா வேணும். சொந்தக்காரங்க வக்கீல் பார்த்துக் கொடுக்கட்டும், தப்பில்ல. ஆனா வீடியோ காலாவது போட்டு நீங்களே அவர்கிட்ட பேசுங்க. ஃபீஸ் உங்க கணக்குல இருந்து அவர் கணக்குக்கு நேரா போகட்டும். இடத்தைக் காட்டினவருக்கே பவர் எழுதிக் கொடுக்காதீங்க.

ஒப்பீனியன் கைக்கு வந்ததும் ஸ்கேன் பண்ணி பத்திரத்தோட சேர்த்து வச்சிடுங்க. நாளைக்கு நீங்க அந்த இடத்தை விக்கும்போது வாங்க வர்றவர்கிட்ட காட்டலாம். அவர் அதை நம்பாம தனியா ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்தா கோவிச்சுக்காதீங்க. அவரும் நம்ம வீடியோ பார்க்கிறவரா இருக்கலாம்.