மாறுகண் அறியும் திறன்பேசி

கண்ணைக் கெடுக்கும் கருவி என்று நாம் அஞ்சும் திறன்பேசியே, குழந்தைகளின் கண்குறையை முன்னரே அறியவும் துணைசெய்கிறது. அக்கருவி காட்டுவதை எந்த அளவிற்கு நம்பலாம், அதற்குப்பின் நாம் செய்யவேண்டுவது யாது என்பனவற்றை ஆராய்ந்து, ஒரு முடிவை முன்வைக்கிறது இக்கட்டுரை.

மனிதர்க்குக் கண்கள் இரண்டு, காட்சியோ ஒன்று. இரு விழிகளும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் நோக்குகின்றன. அவை அனுப்பும் இரண்டு உருவங்களையும் மூளை ஒன்றாக இணைக்கிறது. ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இப்பன்னிரண்டு தசைகளும் ஒத்து இயங்கினால்தான் பார்வை ஒருமுகப்படும். இவ்வொத்திசைவு பிறழ்ந்து, ஒரு விழி உள்நோக்கியோ வெளிநோக்கியோ மேலோ கீழோ விலகி நிற்பதையே மாறுகண் என்கிறோம். குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 பேரிடம் இக்குறை காணப்படுகிறது.

நற்பேறு அன்று, நோய்

மாறுகண் உடைய குழந்தை பிறந்தால் அது வீட்டிற்கு அதிர்ஷ்டம் என்னும் நம்பிக்கை நம்மிடையே இன்றும் உண்டு. 'வளர வளரத் தானே சரியாகிவிடும்' என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அதே குழந்தை பள்ளிக்குச் சென்றதும் 'ஒன்றரைக்கண்' என்னும் ஏளனச் சொல்லைக் கேட்கிறது. நம்பிக்கை, ஏளனம் ஆகிய இரண்டுமே அக்குழந்தையை மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுக்கின்றன.

பிறந்த சில மாதங்கள்வரை குழந்தையின் விழிகள் அவ்வப்போது விலகுவது இயல்பே. நான்கு மாதங்களைக் கடந்தபின்னும் விலகல் தொடருமாயின் காத்திருத்தல் தவறு. விலகிய கண் அனுப்பும் உருவம் மற்றொரு கண்ணின் உருவத்தோடு பொருந்தாது. ஆகவே, வளரும் மூளை குழப்பத்தைத் தவிர்க்க அக்கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கத் தொடங்குகிறது. நாளடைவில் விழியில் வேறு பழுது இல்லாதிருந்தும் பார்வை மங்குகிறது. இந்நிலையைச் 'சோம்பற்கண்' என்பர். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசெல் ஆகிய அறிவியலாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளம்பருவத்தில் மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர் அக்கண்ணைத் திறந்தபோதும், மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள நரம்புச் செல்களில் மிகப் பல அதன் செய்தியை ஏற்கவில்லை. மூளை பார்வைச் செய்திகளைக் கையாளும் முறையைக் கண்டறிந்தமைக்காக 1981ஆம் ஆண்டு அவ்விருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இளமையில் மூளை எளிதில் பழகும் என்பதே இங்கு இடர். அதுவே வாய்ப்பும் ஆகும். ஏழு வயதிற்குள் கண்டறிந்தால் கண்ணாடி அணிவித்தும், நலமான கண்ணைக் குறித்த நேரம் மூடிவைத்தும், தேவையாயின் அறுவை மருத்துவம் செய்தும் இழந்த பார்வையைப் பெரிதும் மீட்கலாம். விழியின் கோணலை எந்த வயதிலும் நேராக்க முடியும். மூளை மறந்த பார்வையை மீட்பதோ வயது ஏற ஏற அரிதாகிறது. எனவே, 'எப்போது கண்டறிந்தோம்' என்பதே ஒரு குழந்தையின் பார்வையைத் தீர்மானிக்கிறது.

மெழுகுவத்தி முதல் திறன்பேசி வரை

பெர்லின் நகரில் வாழ்ந்த கண் மருத்துவர் ஜூலியஸ் ஹிர்ஷ்பெர்க் 1880களில் ஓர் எளிய வழியைக் கண்டார். நோயாளியின் முன் மெழுகுவத்திச் சுடரைக் காட்டினார்; விழியின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கார்னியாவில் அச்சுடர் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இரு கண்களிலும் அப்புள்ளி ஒத்த இடத்தில் அமைந்தால் விழிகள் நேராக உள்ளன. ஒரு கண்ணில் மட்டும் இடம் மாறினால் அக்கண் விலகியுள்ளது. இன்றும் மருத்துவர் கைவிளக்கைக் கொண்டு இச்சோதனையைச் செய்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்
ஒளிப்புள்ளி கண்பாவையின் விளிம்பில் விழுந்தால் விலகல் ஏறத்தாழ 15 பாகை. கண்பாவையின் விளிம்பிற்கும் கருவிழியின் விளிம்பிற்கும் நடுவே விழுந்தால் 30 பாகை. கருவிழியின் விளிம்பில் விழுந்தால் 45 பாகை. புள்ளி உட்புறம் நகர்ந்திருந்தால் விழி வெளிப்புறம் விலகியுள்ளது. வெளிப்புறம் நகர்ந்திருந்தால் விழி உட்புறம் விலகியுள்ளது.

திறன்பேசியில் ஒளிவீசும் விளக்கும் படம் பிடிக்கும் வில்லையும் அருகருகே உள்ளன. மெழுகுவத்தியும் மருத்துவரின் கண்ணும் செய்த வேலையை இவ்விரண்டும் சேர்ந்து செய்கின்றன. படத்தில் பதிந்த ஒளிப்புள்ளிகளின் இடத்தைச் செயலி அளந்து விலகலைக் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய 'ஐடர்ன்' என்னும் செயலி இம்முறையில் இயங்குவதாகும்.

ஒளிப்படம் இன்னொரு செய்தியையும் தரவல்லது. கண்பாவை சிவப்பாகத் தெரிய வேண்டிய படத்தில் வெண்மையாகத் தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோய், கண்புரை போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். மாறுகண்ணும் சிலபோது அப்புற்றுநோயின் அறிகுறியாக வெளிப்படுவதுண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா தம் மகனுக்கு அந்நோய் வந்தபின், வெண்மையைக் கண்டறியும் செயலியை உருவாக்கத் துணைநின்றார். அதனை 40 குழந்தைகளின் பழைய குடும்பப் படங்களில் சோதித்த முடிவுகள் 2019இல் வெளியாயின. கண்நோயுற்றிருந்த 20 குழந்தைகளுள் 80 விழுக்காட்டினரிடம், மருத்துவர் நோயைக் கண்டறிவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களிலேயே செயலி அவ்வெண்மையைக் கண்டது. அறிகுறி வீட்டிலேயே இருந்தது. அதனைப் படிக்கத் தெரிந்தவர்தாம் இல்லை.

கருவியின் எல்லை

இவற்றால் திறன்பேசியே மருத்துவர் ஆகிவிடாது. ஒரு படம் ஒரு நொடியையே பதிவுசெய்கிறது. களைப்புறும்போதும் தொலைவில் நோக்கும்போதும் மட்டும் விலகும் கண்கள், படம் எடுக்கும் நொடியில் நேராக நிற்கக்கூடும். மறுபுறம், மூக்குத்தண்டு அகன்ற கைக்குழந்தைகளுக்கு மாறுகண் இருப்பதுபோன்ற தோற்றம் மட்டும் உண்டு; ஒளிப்புள்ளியோ இரு கண்களிலும் ஒத்தே நிற்கும். மேலும், நேராக நிற்கும் கண்கள் எல்லாம் நன்றாகப் பார்க்கும் கண்கள் அல்ல. ஒரு கண்ணில் மட்டும் பார்வைத்திறன் குறைந்திருந்தால் ஒளிப்புள்ளி அதைக் காட்டாது. செயலி 'குறை இல்லை' என்று கூறினும், பெற்றோர்க்கு ஐயம் இருப்பின் மருத்துவரை நாடுவதே முறை.

'கண்ணைக் கெடுக்கும் கருவியிடமே கண்ணை ஒப்படைப்பதா?' என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியில் பொருள் உண்டு. தென்கொரிய மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், திறன்பேசியை நாளும் 4 மணி நேரத்திற்கு மேல், மிக அருகில் வைத்துப் பயன்படுத்திய 12 இளையோர்க்குத் திடீரென மாறுகண் தோன்றியமை பதிவாகியுள்ளது. சிறிய ஆய்வே எனினும் எச்சரிக்கை உண்மையானது. ஆயினும், ஒரு குழந்தையைச் சோதிக்க ஆகும் நேரம் சில நொடிகள்; அதன் பொருட்டுக் குழந்தை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுவதுமில்லை. மிகுதியான பயன்பாட்டின் தீங்கை, அளவான பயன்பாட்டின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

கண்டறிதல் பாதி, சேர்ப்பித்தல் மீதி

குறையைக் கண்டறிவதோடு நின்றுவிட்டால் கருவியால் பயனில்லை. இதற்குக் கென்யா நாட்டின் பட்டறிவு சான்றாகும். அங்கு 50 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் திறன்பேசியால் மாணவர் பார்வையைச் சோதித்தனர். குறையுடையோரின் பெற்றோர்க்குக் குறுஞ்செய்தி வழியே நினைவூட்டல்களும் சென்றன. மற்றப் பள்ளிகளில் வழக்கமான அட்டைச் சோதனையும் பரிந்துரைக் கடிதமும் மட்டுமே. முதல் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டோருள் 54 விழுக்காட்டினர் மருத்துவமனைக்குச் சென்றனர். இரண்டாம் பிரிவில் 22 விழுக்காட்டினரே சென்றனர். அச்சோதனை பார்வைத்திறனுக்கானது, எனினும் அது கற்பிக்கும் பாடம் மாறுகண்ணுக்கும் பொருந்தும். திறன்பேசியின் பெரும்பயன் அதன் ஒளிப்படக் கருவியில் மட்டுமன்று, மறவாமல் நினைவூட்டும் அதன் இயல்பிலும் உள்ளது.

ஆகவே, மூன்று நெறிகளோடு இம்முறையை அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் கைக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் முடிவு. முதலாவது, செயலி சல்லடையாக மட்டும் இருக்கட்டும், தீர்ப்பு மருத்துவருடையது. இரண்டாவது, குறை ஐயுறப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் மருத்துவமனையை அடைந்ததா என்று உறுதிசெய்ய ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவது, குழந்தையின் முகப்படம் அதன் உடைமை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. அவ்வொப்புதல் இன்றி எவர் படத்தையும் எடுத்தலும் பகிர்தலும் கூடா. சோதனையும் பிற பிள்ளைகள் சூழ்ந்து நின்று நகைக்கும் வண்ணம் நடைபெறலாகாது.

பல வீடுகளில் திறன்பேசியைத் திறம்படக் கையாளத் தெரிந்தவர் மேல்நிலை வகுப்பு மாணவரே. வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் படங்களைப் பார்க்கும்போது அவர்தம் கண்களில் தெரியும் ஒளிப்புள்ளிகளையும் உற்றுநோக்குங்கள். அவை ஒவ்வாதிருந்தால், 'அதிர்ஷ்டம்' என்று பெரியோர் கூறினும், பணிவோடு எடுத்துரைத்துக் குழந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏழு வயதிற்குள் எடுத்துவைக்கும் அந்த ஓரடி, ஒரு கண்ணின் பார்வையை வாழ்நாள் முழுமைக்கும் காக்கக்கூடும்.