வாடகை வீட்டுல எதுக்குங்க பாத்தி?

குமுளிக்கு மாத்தலாகி வந்த ரெண்டு வருஷத்துல நான் அதிகமா கேட்ட கேள்வி இதுதான்: "மூணு வருஷத்துல டிரான்ஸ்பர் ஆகப் போற ஆளு, உங்களுக்கு எதுக்கு சார் தோட்டம்?" கேக்கறவங்க மலையாளிங்க இல்ல மக்களே, நம்மாளுங்கதான். பேங்க், ஸ்கூல், ஏலக்காய்க் கடைன்னு பொழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள். அதே வாயால அடுத்த வரி, "இங்க காய்கறி பூரா விஷம் சார்".

ஐயா, குமுளி மார்க்கெட்டுக்குக் காய் எங்கிருந்து வருது? மலைக்குக் கீழ கம்பத்துல இருந்து. நம்ம ஊர்க் காய்தான். 2015-ல பூச்சிமருந்து எச்சம்னு தமிழ்நாட்டுக் காய்கறி மேல கேரளாவுல பெரிய சண்டையே நடந்துச்சு. அப்ப நாம எல்லாம் ரோஷப்பட்டோம். இப்ப அதே குற்றச்சாட்டை நாமளே சொல்லிக்கிட்டு, அதே காயை வாங்கிக்கிட்டு இருக்கோம். புலம்பறதுக்கு ஆகற நேரத்துல ஒரு பாத்தி கட்டலாம்னு சொன்னா மட்டும் "வாடகை வீடு சார்".

வாடகை வீட்டுக்காரனுக்குன்னே பொறந்ததுங்க மேட்டுப்பாத்தி. ஓனர் நிலத்தைத் தோண்ட வேண்டாம். சிமெண்ட் வேண்டாம். எட்டடி நீளம், நாலடி அகலத்துக்கு ஹாலோ பிளாக்கை சும்மா அடுக்கி, ஒரு அடி உயரத்துக்கு மண்ணும் மக்கின சாணமும் போட்டா முடிஞ்சது. நாலடிக்கு மேல அகலம் போகக்கூடாது, ரெண்டு பக்கத்துல இருந்தும் கை நடு வரைக்கும் எட்டணும். காலி பண்றப்ப கல்லை எடுத்துக்கலாம். இதுக்கு முன்னாடி பாலக்காடு பக்கம் சித்தூர்ல இருந்தப்ப கட்டின ரெண்டு பாத்தியில, கல்லை வித்துட்டு மண்ணை அடுத்து வந்த குடும்பத்துக்கு விட்டுட்டு வந்தோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொண்ணும் சொல்லணும். மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்துல இருக்கற நம்ம சனங்களைப் பாருங்க. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிதான் வீடு தரணும்னு சொல்லுச்சு. தந்தாங்க. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சது. தலைமுறை தலைமுறையா ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லாம இருந்த குடும்பங்கள் அதுல ஏராளம். அங்கேயும் லயத்து வாசல்ல கையகல இடத்துல பீன்ஸும் கீரையும் நிக்குது. மாசம் தவறாம சம்பளம் வாங்குற நமக்கு மட்டும் பட்டா இருந்தாதான் விதை முளைக்குமா?

"காசு மிச்சமாகுமா?" ஆகாதுங்க. நான் பி.காம். படிச்சவன், பொய்க்கணக்கு எழுத மாட்டேன். மேல சொன்ன பாத்திக்கு 32 கன அடி மண் வேணும், ஒரு டன்னுக்குப் பக்கமா வரும். கல்லு, மண்ணு, ஆட்டோ கூலி எல்லாம் சேர்த்தா முதல் வருஷம் சுத்த நஷ்டம். ரெண்டாவது வருஷம் கொஞ்சம் பரவாயில்ல. அப்படிப் பாத்தா பிள்ளைங்க டியூஷனுக்கு எந்த வருஷம் லாபம் வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லையே!

அப்புறம் இந்த "குடும்பத் தோட்டம்" போட்டோ போடற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. வெண்டைக்காயோட நிக்கிறது நீங்க. காலையில தண்ணி ஊத்துறது யாரு? அவங்களுக்கு இது பாத்திரம், துணிக்கு மேல இன்னொரு வேலை. எங்க வீட்டுல பாத்தி ஆளுக்கொண்ணு, அதுக்குத் தண்ணியும் அவங்கவங்க பாடு. என் பாத்தியில ஒருநாள் தண்ணி விடலன்னா என் கத்தரிதான் வாடும். வீட்டுக்காரம்மா பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்பாங்க, ஒரு சொட்டு ஊத்த மாட்டாங்க :-)

பெருக்கறதுக்கும் இதே கணக்குதான். ஒரே ஞாயித்துக்கிழமை ஆறு பாத்தி கட்டிட்டு, ஆனி ஆடி மழையில களை மண்டி, ஆவணியில கைகழுவுன வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு பாத்தியில விளைஞ்சது சட்டியில கொதிக்கட்டும், அப்புறம் ரெண்டாவது. எங்க வீட்டுல மூணாவதைக் கேட்டது ஒன்பதாவது படிக்கற பொண்ணு.

பணத்தை விடவும் கவனமா இருக்க வேண்டியது மண்ணு விஷயத்துல. சித்தூர் தாலுகாவுல பிளாச்சிமடை இருக்கு, தெரியுமில்ல? 2000-ல அங்க கோகோ கோலா ஆலை ஓட ஆரம்பிச்சது, 2004 மார்ச்சுல நின்னது. தண்ணி போன கதை எல்லாருக்கும் தெரியும். ஆலையில இருந்து வந்த கழிவுச் சேற்றை உரம்னு சொல்லிச் சுத்துவட்டார விவசாயிகளுக்குக் குடுத்த கதை பாதிப்பேருக்கு ஞாபகமில்ல. 2003-ல பிபிசி அந்தச் சேற்றைச் சோதிக்கக் குடுத்தப்ப அதுல காட்மியமும் ஈயமும் இருந்துச்சு. 2010-ல கேரள அரசு போட்ட உயர்நிலைக் குழு மொத்த சேதம் 216 கோடி ரூபாய்னு மதிப்பு போட்டது. அதை வாங்கித் தர 2011-ல சட்டமன்றம் ஒரு தீர்ப்பாய மசோதா நிறைவேத்துச்சு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காம அது அப்படியே போச்சு. சும்மா கிடைக்குதேன்னு வாங்கிப் போட்ட உரத்துக்கு இவ்வளவு பெரிய பின்கதை.

மூட்டை மேல "ஆர்கானிக்"னு அச்சடிச்சிருந்தா மட்டும் போதாதுங்க. எந்த இடத்து மண்ணு, முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு வாயைத் திறந்து கேக்கணும். சுண்ணாம்பு போடச் சொல்றதும் அப்படித்தான். கேரளத்து மண்ணு பெரும்பாலும் புளிப்பு மண்ணு, அதுக்குச் சுண்ணாம்பு சரி. சித்தூருக்குக் கிழக்கே நம்ம பொள்ளாச்சி எல்லையை ஒட்டின கரிசலுக்கு அது வேண்டாத வேலை.

போன மாசம் மூணாவது பாத்திக்கு ஒரு லோடு மண்ணு வந்துச்சு, பாதி விலைக்கு. "எந்தத் தோட்டத்து மண்ணு அண்ணா?"ன்னு டிரைவரைக் கேட்டது பொண்ணுதான். ஏலத்தோட்டமாம். ஏலத்துக்கு வருஷம் பூரா எத்தனை தடவை மருந்தடிப்பாங்கன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இறக்காமலே திருப்பி அனுப்பிட்டோம், வண்டி வாடகை மட்டும் தண்டம். இப்ப அந்தப் பாத்தியில காய்ஞ்ச இலை, சாணம், சமையக்கட்டுத் தோல்னு கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டு இருக்கோம். அரை அடி ஏறியிருக்கு.