கால் வழுக்கினால் காலம் நிற்காது!

ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார் ஒருவர். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. ஆறு மாதம் படுக்கை. வேலை போயிற்று, வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"பார்த்துச் செய்கிறோம்" என்கிறார் முதலாளி. அந்தச் சொல்லை நம்பியே நாட்கள் ஓடுகின்றன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் நுகர்வோர். ஓட்டலின் கவனக்குறைவால் அடிபட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்கலாம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். பேச்சு நடப்பதால் கெடு நீளாது. பிந்தினால் தக்க காரணம் காட்டவேண்டும். அதை ஏற்பதும் தள்ளுவதும் ஆணையத்தின் கையில்.

கெடு வைத்தது தவறு அல்ல. நாளானால் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால், கெடு இருப்பதே ஏழைக்குத் தெரியாமல் போவது அநியாயம்! எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும்.

ஓட்டல் பில், மருந்துச் சீட்டு, பார்த்தவர் பெயர் மூன்றையும் அன்றே பத்திரப்படுத்துங்கள். எழுந்து நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்!