கறை படாத கைகள் எதற்கு?

காமிக்ஸ் என்று பேச்செடுத்தாலே நம் இலக்கிய வட்டங்களில் இரண்டு விதமான முகச்சுளிப்புகள் எழுகின்றன. ஒன்று, அது சிறுவர் சமாச்சாரம் என்பது. இதற்குப் பதில் சொல்லிச் சலித்தாயிற்று, விட்டுவிடலாம். மற்றது சற்றுக் கௌரவமான தோற்றம் கொண்டது. நல்லவனா கெட்டவனா என்று விளங்காத, பேய் பிசாசுகளோடு பேரம் பேசித் துப்புத் துலக்குகிற நாயகன் மேற்கின் நோய்க்கூறு. அறத்தை அச்சாகக் கொண்ட தமிழ் மனத்துக்கு அவன் ஒவ்வான் என்பது. ஜான் கான்ஸ்டன்டைனை முன்வைத்து இந்த இரண்டாவது வாதத்தை மறுக்க விரும்புகிறேன்.

1985ல் ஆலன் மூரும் அவருடைய ஓவியர்களும் ‘ஸ்வாம்ப் திங்’ இதழில் அறிமுகப்படுத்திய பாத்திரம் இது. 1988 முதல் 2013 வரை ‘ஹெல்பிளேஸர்’ என்ற தனி இதழில் 300 இதழ்களுக்கு நீடித்தது. லிவர்பூலின் உழைக்கும் வர்க்கத்தில் பிறந்தவன், ஓயாது புகைப்பவன், கசங்கிய மேலங்கிக்காரன். மந்திரம் தெரியும், ஆனால் அவனுடைய மெய்யான ஆயுதம் பொய். அவன் வாழ்வின் மையத்தில் நியூகாஸிலில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. தந்தையால் சீரழிக்கப்பட்ட ஆஸ்ட்ரா என்ற சிறுமியைச் சூழ்ந்த தீய சக்தியை ஒழிக்க, தன் திறமையின் மேல் கொண்ட இறுமாப்பில் அதைவிடப் பெரிய பிசாசை அழைக்கிறான். வந்த பிசாசு சிறுமியையே நரகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு மனநல விடுதி. அதன்பின் வாழ்நாள் முழுதும் அந்த நினைவு. அவனை நம்பிச் செத்த நண்பர்களின் ஆவிகள் வேறு கூடவே வருகின்றன.

2005ல் ஹாலிவுட் இவனைப் படமாக்கியபோது செய்த மாற்றம் கவனத்துக்குரியது. ஊர் லாஸ் ஏஞ்சலஸ் ஆனது, தலைமுடி கறுப்பானது, அவை போகட்டும். அவன் பாவம் மாறியதுதான் முக்கியம். படத்தில் அவன் செய்த குற்றம் இளமையில் தற்கொலைக்கு முயன்றது. அதாவது, அவனால் பாழான இன்னொரு உயிர் அங்கே இல்லை. கடைசியில் ஒரு தியாகம், எல்லாம் சரியாகிவிடுகிறது. கறையைக் கழுவினால்தான் நாயகன் நாயகனாவான் என்ற பயம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இந்தப் படமே சான்று.

இனி நம் பக்கம். 1972ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ யார்? ஆங்கில மூலத்தின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத உடலோடு வங்கியைக் கொள்ளையடித்தவன்தான், பின்னரே உளவாளியானான். எண்பதுகளில் லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடரோ குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகப் புறப்பட்டவன். இவர்களைத் தமிழ்ச் சிறுவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எந்த அறமும் சரிந்துவிடவில்லை.

ஆனால் நாமே படைத்த அமானுஷ்யத் துப்பறியும் கதைகளைப் பாருங்கள். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இவ்வகையில் நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்று. கணேஷும் வசந்தும் அறிவியலா ஆவியா என்று மோதிக்கொள்கிறார்கள். அவர்கள் மோதுவது வழக்கைப் பற்றி. தங்களைப் பற்றி அல்ல. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சியில் வந்து ஊரையே கட்டிப்போட்டபோதும் கேள்வி ‘தெய்வமா, மனிதனா’ என்பதாகவே இருந்தது. துப்பறிபவனின் கை சுத்தமா என்று கேட்க நமக்குத் தோன்றவேயில்லை.

மரபில் இந்தக் கேள்வி இல்லையா? இருக்கிறது. பழையனூர் நீலி கதை வேறென்ன? கைக்குழந்தையோடு வந்த பெண் இவன் என் கணவன் என்கிறாள். அவனோ இவள் பேய் என்கிறான். விசாரித்த வேளாளர் எழுபது பேரும் அவள் சொல்லை நம்பி, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனை அவளோடு விடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். முற்பிறவியில் அவளைக் கொன்றவன் அவனே என்பதால் பேயின் பக்கத்திலும் ஒரு நியாயம் நிற்கிறது. இதைவிடச் சிக்கலான அமானுஷ்ய வழக்கு எந்த மொழியில் உண்டு?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுபது பேரும் செத்துவிடுகிறார்கள். தவறான தீர்ப்புச் சொன்ன பாண்டியனும் அரியணையிலிருந்து விழுந்து அக்கணமே இறக்கிறான். நம் காவிய அறம் தவறியவனை உடனே சாகடித்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. அது மகத்தானதுதான். ஆயினும் மெய்வாழ்வில் தவறியவர்கள் சாவதில்லை. மறுநாள் காலை எழுந்து, தேநீர் குடித்து, அடுத்த வழக்குக்குப் போகிறார்கள். அந்த மறுநாளை எழுதுவதற்கே கான்ஸ்டன்டைன் போன்ற ஒருவன் தேவைப்படுகிறான்.

இது வெறும் இலக்கியப் பிரச்சினை அன்று. பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் நம் ஊர்களில் பெரும்பாலும் இளம்பெண்கள். வேப்பிலையும் பிரம்பும் மிளகாய்ப் புகையுமாக அவர்கள்மேல் நடக்கும் ‘சிகிச்சை’யை நாம் அறிவோம். பக்திக் கதை ஓட்டுபவனைத் தெய்வத்தின் கருவியாக்குகிறது. பகுத்தறிவுக் கதை அவனைப் போலி என்று நிறுவியதோடு முடிந்துவிடுகிறது. இரண்டிலுமே அடிபட்ட பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது கடைசிப் பக்கத்தில் இல்லை. ‘ஹெல்பிளேஸர்’ ஆஸ்ட்ராவை மறக்க விடுவதில்லை. ஓட்ட வந்தவனையே அவள் பெயரால் ஆண்டுக்கணக்கில் துரத்துகிறது.

அப்படியானால் தவறை இது நியாயப்படுத்துகிறதே என்பார்கள். நேர்மாறு. நரகத்தையே ஏமாற்றித் தன் புற்றுநோயிலிருந்து தப்பிப் பிழைக்கும் கான்ஸ்டன்டைனுக்கு, நியூகாஸிலிலிருந்து தப்பிக்க வழி கிடைப்பதில்லை. அவனுடைய சாமர்த்தியம் எதுவும் அங்கே செல்லாது. தன்னை நல்லவன் என்று நம்புகிறவனைவிட, தான் செய்ததை மறக்க முடியாதவனிடம்தான் அறம் பற்றிக் கேட்க நமக்கு அதிகம் இருக்கிறது.

மகளிருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும் இந்த அட்டுவம்பட்டியைச் சுற்றியுள்ள மலைகளில் போகரின் பெயர் இன்னும் வாழ்கிறது. பழனியிலும் பூம்பாறையிலும் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து அவர் முருகனைச் செய்தார் என்பது ஐதிகம். நஞ்சைக் கட்டினால் மருந்தாகும் என்று நம்பிய மரபுக்குக் கறை படிந்த நாயகன் ஒவ்வான் என்று சொல்வது, மரபை அறியாதவர்களின் பேச்சு. நமக்கென்று ஒரு கோடாங்கி வேண்டும்: தான் ஓட்டிய பேயின் பெயரையும், அந்தப் பெண்ணின் பெயரையும் மறக்க முடியாத ஒரு கோடாங்கி. அவனைப் படக்கதையாக வரைந்தாலும் சரி, நாவலாக எழுதினாலும் சரி. எழுதுங்கள்.